பகாங்கின் விடக்கல்

சென்ற மாதம் ஐந்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் துணியில் முடிந்த கறுத்த கல்லொன்றை என் மேசைமீது வைத்தான். புளியங்கொட்டை அளவுதான் இருந்தது. அவன் பூட்டனார் நாகப்பட்டினத்தில் கப்பலேறியபோது மடியிற் கட்டிவந்த விடக்கல்லாம். பாம்பு கடித்த வாயில் வைத்தால் ஒட்டிக்கொண்டு நஞ்சை உறிஞ்சுமாம். பாலில் இட்டால் கக்கிவிடுமாம்.

இத்தகைய கற்களுட் பல சுட்ட எலும்பே. சுட்ட எலும்பில் நுண்துளைகள் மிகுதி. அவை ஈரத்தை இழுப்பதால் கல் ஒட்டுகிறது. தசைக்குள் இறங்கி நிணநீரோடு பரவிவிட்ட நஞ்சை அது எட்டுவதெங்ஙனம்?

உண்ட நஞ்சுக்கு வேறொரு கல்லை உலகம் நம்பியது. பாரசீகத்தில் 'பாத்ஸஹர்' எனின் நஞ்சை விலக்குவது; அதுவே ஐரோப்பாவில் 'பெசோவார்' எனத் திரிந்தது. ஆடு முதலிய விலங்குகளின் வயிற்றில் மயிரும் நாரும் திரண்டு, உப்புகள் ஏடு ஏடாகப் படிந்து உண்டாவது அது. நம் வீடுகளிற் குழந்தைக்கு இழைத்துக் கொடுத்த கோரோசனை, பசுவின் பித்தப்பைக் கல், இதற்கு உறவே. டச்சுக்காரராகிய லின்ஸ்கோத்தன் 1596இல் வெளியிட்ட பயணநூல், மலாக்காவை அடுத்த 'பான்' நாட்டிலும் இக்கல் கிடைக்கும் என்கிறது. அந்தப் 'பான்' நாம் வாழும் பகாங்கே! முள்ளம்பன்றியின் வயிற்றிலெடுத்த கல்லுக்கு விலை மிகுதி. மலாய் மக்கள் இதனைக் 'குலிகா' என்பர். வடமொழிக் குலிகாவே தமிழிற் குளிகையும் ஆயிற்று என்பதை ஆசிரிய நண்பர்கள் நினைவு கூர்வர்.

16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறுவை மருத்துவர் அம்புரோஸ் பாரே இக்கல்லைச் சோதித்தார். வெள்ளித்தட்டுகளைத் திருடித் தூக்குத் தண்டனை பெற்ற சமையற்காரன் ஒருவன், நஞ்சுண்டு கல்லாற் பிழைத்தால் விடுதலை என்றதும் இசைந்தான். சில மணி நேரம் துடித்து மாண்டான்.

பின்னும் நம்பிக்கை நிலைத்ததேன்? கடிக்கும் பாம்பெல்லாம் நஞ்சுடையதன்று. நஞ்சுடையதும் கடிக்குந்தோறும் நஞ்சைச் செலுத்துவதில்லை. அவ்வாறு பிழைத்தவர் கல்லுக்கு நன்றி கூறுகின்றனர். மாண்டவர் சான்று கூற வருவதில்லை.

என் சிறுவயதில் பக்கத்து லயத்து அக்காளைக் கொழுந்தெடுக்கையிற் பாம்பு கடித்தது. கல் ஒட்டிக்கொண்டது, தானே விழட்டும் என்று விடியுமளவும் காத்திருந்தனர். உயிர் பிழைத்தார், இரண்டு விரல்கள் அழுகிப்போயின. நம் மலையிலே பச்சைக் குழிவிரியன் உண்டு. அதனைத் தனியினமென 2004இல்தான் வகுத்தனர். 1890களில் ஆல்பர்ட் கால்மெட் நாகநஞ்சுக்கு முறிமருந்து ஆக்கினார். அது முதல், நஞ்சேற்றிய குதிரையின் குருதியிலிருந்து எடுக்கும் ஊநீரே உண்மையான விடமுறிவு. கடிபட்ட உறுப்பை அசைக்காமல், கீறாமல், இறுகக் கட்டாமல், மருத்துவமனைக்கு விரைவதே செய்யத்தக்கது.

கல்லை மாணவனிடமே திருப்பித் தந்தேன், பூட்டனாரின் பொருளன்றோ! முடிந்து வந்த துணியோடு தானா ராத்தா மருத்துவமனையின் தொலைபேசி எண்ணையும் எழுதி வைத்து அனுப்பினேன்.