போக்கரில் பந்தயத் தொகையைத் தீர்மானித்தல்

போக்கர் சீட்டாட்டத்தின் ‘நோ-லிமிட் ஹோல்டெம்’ வகையில், ஒவ்வொரு சுற்றிலும் எவ்வளவு பணத்தைப் பந்தயமாக வைப்பது என்று முடிவு செய்வதே பந்தயத் தொகையைத் தீர்மானித்தல் எனப்படும். ‘நோ-லிமிட்’ என்றால் உச்சவரம்பு இல்லை என்று பொருள். தன் முன்னால் இருக்கும் பணம் முழுவதையும் ஒரே பந்தயத்தில் வைக்க ஆட்டக்காரருக்கு உரிமை உண்டு. கையில் வரும் சீட்டை யாரும் தேர்ந்தெடுக்க முடியாது, ஆனால் தொகையைத் தேர்ந்தெடுக்கலாம். போக்கர் திறமை ஆட்டமா அதிர்ஷ்ட ஆட்டமா என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்த வழக்குகளுக்கு இந்த வேறுபாடே அடிப்படை.

இந்தியாவில் பணம் கட்டி இணையத்தில் போக்கர் ஆடுவது 2025ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்தால் தடை செய்யப்பட்டுள்ளது. இக்கட்டுரை அதன் பின்னுள்ள கணக்கை விளக்குகிறது. பத்தாம் வகுப்பு நிகழ்தகவுப் பாடம் தெரிந்த மாணவருக்கு இக்கணக்கு முழுவதும் புரியும்.

ஆட்டத்தின் அமைப்பு

52 சீட்டுகள் கொண்ட ஒரு கட்டு. ஒவ்வொருவருக்கும் பிறர் பார்க்க முடியாத இரண்டு சீட்டுகள். இந்த இரண்டு சீட்டுகள் 1,326 வெவ்வேறு வகைகளில் அமையலாம் (52 × 51 ÷ 2). பின்னர் மேசையின் நடுவில் எல்லோருக்கும் பொதுவாக முதலில் மூன்று, அடுத்து ஒன்று, கடைசியாக ஒன்று என ஐந்து சீட்டுகள் திறக்கப்படும். ஏழு சீட்டுகளில் சிறந்த ஐந்தைக் கொண்டவர் வெல்வார். பொதுச் சீட்டுகள் வருவதற்கு முன் ஒரு முறையும், ஒவ்வொரு திறப்புக்குப் பின் ஒரு முறையும் என நான்கு பந்தயச் சுற்றுகள் உண்டு.

ஒருவர் பந்தயம் வைத்தால் மற்றவர் அதே தொகையைக் கட்டித் தொடரலாம் (கால்), தொகையை உயர்த்தலாம் (ரெய்ஸ்), அல்லது சீட்டைக் கவிழ்த்து விலகலாம் (ஃபோல்ட்). எல்லோரும் விலகிவிட்டால் மிஞ்சியவர் சீட்டைக் காட்டாமலேயே பணத்தை எடுத்துக்கொள்வார். நடுவில் சேரும் பணத்தை ஆட்டக்காரர்கள் ‘பாட்’ என்பர். இங்கு அதை நடுத்தொகை என்றே குறிப்பிடுவோம்.

பந்தயம் என்பது எதிராளிக்குச் சொல்லும் விலை

நடுத்தொகை 100 ரூபாய் என்று கொள்வோம். நீங்கள் 50 ரூபாய் வைக்கிறீர்கள். எதிராளி தொடர வேண்டுமானால் 50 கட்ட வேண்டும். வென்றால் அவருக்குக் கிடைப்பது 150. கட்டுவதையும் சேர்த்து மொத்தம் 200. அதில் அவர் பங்கு 50, அதாவது கால்வாசி. எனவே நான்கில் ஒரு முறையாவது வெல்லும் வாய்ப்பு இருந்தால்தான் அவருக்கு அது கட்டுப்படியாகும்.

நடுத்தொகை ந, பந்தயம் ப எனில், எதிராளிக்குத் தேவையான குறைந்தபட்ச வெற்றி வாய்ப்பு ப ÷ (ந + 2ப). 100 ரூபாய் நடுத்தொகைக்கு 25 வைத்தால் 16.7 சதவீதம், 100 வைத்தால் 33.3, 200 வைத்தால் 40. தொகையை எவ்வளவு ஏற்றினாலும் இந்த விடை 50 சதவீதத்தை நெருங்குமே தவிர எட்டாது. ஏன் எட்டாது என்பதை மாணவர்கள் பின்னத்தை எழுதிப் பார்த்துக் கண்டுகொள்ளலாம்.

நான்கு பொதுச் சீட்டுகள் திறந்துவிட்டன, இன்னும் ஒன்றே பாக்கி. எதிராளியிடம் ஒரே சின்னத்தில் நான்கு சீட்டுகள் உள்ளன. ஐந்தாவது வந்தால் ‘ஃப்ளஷ்’ அமைந்து அவர் வெல்வார், வராவிட்டால் தோற்பார். ஒரு சின்னத்தில் 13 சீட்டுகள், நான்கு போக மீதி 9. அவர் கண்ணுக்குத் தெரியாத சீட்டுகள் 46. ஆகவே வாய்ப்பு 9/46, அதாவது 19.6 சதவீதம்.

இப்போது நீங்கள் 20 ரூபாய் வைத்தால் அவருக்குத் தேவை 14.3 சதவீதமே. தொடர்ந்தால் சராசரியாக ஒவ்வொரு முறையும் அவருக்கு 7 ரூபாய் 39 காசு லாபம். 50 ரூபாய் வைத்தால் தேவை 25 சதவீதம். தொடர்ந்தால் சராசரியாக 10 ரூபாய் 87 காசு நட்டம். லாபமும் நட்டமும் பிரியும் கோடு சுமார் 32 ரூபாயில் இருக்கிறது. (கடைசிச் சீட்டுக்குப் பின் வைக்கப்படும் பந்தயத்தை இக்கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்தால் கோடு சற்று மேலே நகரும்.)

அவரை விரட்டிவிடுவதல்ல நோக்கம் என்பது பலருக்கு முதலில் பிடிபடுவதில்லை. பிழையான விலையில் அவர் தொடர்ந்தால் உங்களுக்கு நல்லது. வாய்ப்பு மங்கிய எதிராளி கட்டக்கூடிய அதிகபட்ச விலை எது என்று கண்டுபிடிப்பதுதான் பந்தயத் தொகைக் கலையின் பெரும்பகுதி. பொதுச் சீட்டுகள் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் கிடந்தால், தேறிய ஆட்டக்காரர்கள் நடுத்தொகையில் மூன்றில் ஒரு பங்கு போன்ற சிறு தொகையை வைப்பதும், ஒரே சின்னமோ வரிசையோ சேரும் வாய்ப்பு மிகுந்திருந்தால் முக்கால் பங்குக்கு மேல் போவதும் இதனால்தான்.

வெற்றுப் பந்தயம்

கையில் ஒன்றுமில்லாமல், எதிராளி விலகுவார் என்று நம்பி வைப்பது வெற்றுப் பந்தயம் (ப்ளஃப்). இதற்கு வாய்ப்பாடு வேறு: எதிராளி ப ÷ (ந + ப) அளவு முறைகள் விலகினால் முதலுக்கு மோசமில்லை. 100க்கு 50 வைத்தால் மூன்றில் ஒரு முறை விலகினால் போதும். 100 வைத்தால் பாதி முறை விலக வேண்டும். 200 வைத்தால் மூன்றில் இரண்டு முறை.

அப்படியானால் எத்தனை முறை பொய்யாக வைக்கலாம்? கடைசிச் சுற்றில் நடுத்தொகை அளவுக்கே பந்தயம் வைப்பவர், இரண்டு உண்மைப் பந்தயங்களுக்கு ஒரு வெற்றுப் பந்தயம் என்ற விகிதத்தில் கலந்தால், எதிராளி தொடர்ந்தாலும் விலகினாலும் அவருக்கு ஒன்றே. பாதித் தொகை வைப்பவருக்கு மூன்றுக்கு ஒன்று. இருமடங்கு வைப்பவருக்கு மூன்றுக்கு இரண்டு. பந்தயம் பெரிதாகப் பெரிதாகப் பொய்யின் பங்கும் கூடலாம் என்ற இம்முடிவு, நடைமுறை எண்ணத்துக்கு நேர்மாறாகத் தோன்றும். ஜான் வான் நியூமன், ஆஸ்கர் மார்கன்ஸ்டர்னுடன் 1944இல் வெளியிட்ட விளையாட்டுக் கோட்பாட்டு நூலில் எளிமைப்படுத்திய போக்கர் ஒன்றை ஆராய்ந்தார். மிக நல்ல கையோடும் மிக மோசமான கையோடும் பந்தயம் வைத்து, நடுத்தரமான கையோடு பேசாமல் இருப்பதே சரி என்று அவர் கணிதம் காட்டியது.

நல்ல சீட்டுக்குப் பெருந்தொகையும் மோசமான சீட்டுக்குச் சிறு தொகையும் வைப்பவரை இரண்டு மணி நேரத்தில் மேசை முழுவதும் படித்துவிடும். நம் மாட்டுச் சந்தைகளில் தரகர்கள் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவது பக்கத்திலிருப்பவருக்குத் தொகை தெரியக்கூடாது என்பதற்காக. போக்கரில் தொகை வெட்டவெளிச்சமாகத் தெரியும். மறைக்க வேண்டியது அதன் காரணத்தை. அதனால்தான் தொடக்கப் பந்தயத்தை எந்தச் சீட்டானாலும் ஒரே அளவில் வைக்கும் பழக்கம் வந்தது.

கணினிகள் கண்டது

பந்தய அளவு நிர்ணயிக்கப்பட்ட ‘லிமிட்’ வகையில், இருவர் ஆடும் ஆட்டத்தை ஏறக்குறைய முழுமையாகத் தீர்த்துவிட்டதாக 2015இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகக் குழு அறிவித்தது. அந்த நிரலின் பெயர் செபியஸ். உச்சவரம்பை எடுத்துவிட்டால் நிலைமை தலைகீழ். லிமிட் ஆட்டத்தில் முடிவெடுக்க வேண்டிய இடங்கள் ஏறத்தாழ 10-இன் 14ஆம் அடுக்கு. நோ-லிமிட்டில் 10-இன் 160ஆம் அடுக்கையும் தாண்டும். சீட்டுக்கட்டு அதே 52தான். வேறுபாடு முழுவதும் தொகையைத் தேர்ந்தெடுக்கும் உரிமையால் வந்தது.

2017 ஜனவரியில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் டூமாஸ் சாண்ட்ஹோம், நோம் பிரவுன் இருவரும் உருவாக்கிய லிப்ராட்டஸ் என்ற நிரல், பிட்ஸ்பர்க் நகரில் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களை 20 நாட்களில் 1,20,000 ஆட்டங்களில் தோற்கடித்தது. அவர்கள் வழக்கமில்லாத தொகைகளை வைத்து அதன் ஓட்டைகளைத் தேடினர். அது பகலில் அவர்கள் வைத்த அத்தொகைகளை எடுத்துக்கொண்டு இரவில் கணக்கிட்டு ஓட்டையை அடைத்தது. நடுத்தொகையின் பல மடங்கைச் சட்டென்று வைக்கும் அதன் வழக்கம் மனிதர்களைத் திணறடித்தது.

மேசைக்கு வெளியே உள்ள கணக்கு

இதுவரை சொன்னது ஆட்டக்காரர்களுக்கு இடையிலான கணக்கு. ஆட்டத்தை நடத்தும் நிறுவனம் ஒவ்வொரு நடுத்தொகையிலிருந்தும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். இதற்கு ‘ரேக்’ என்று பெயர். எடுத்துக்காட்டாக அதை 5 சதவீதம் என்று வைப்போம். சம திறமையுள்ள இருவர் ஆளுக்கு 1,000 ரூபாயுடன் உட்கார்ந்து, சராசரி 100 ரூபாய் நடுத்தொகையில் ஆடுகிறார்கள். 200 ஆட்டங்கள் முடிந்ததும் மேசையிலிருந்த 2,000 ரூபாயில் 1,000 வெளியேறியிருக்கும். இணையத்தில் ஒரு மணி நேரத்துக்கு அறுபது எழுபது ஆட்டங்கள் ஓடுவதால் இதற்கு மூன்று மணி நேரம் போதும். இருவரில் யார் எவ்வளவு கெட்டிக்காரர் என்ற கேள்வி இதில் வரவேயில்லை. திறமையால் லாபம் காண, எதிராளியைவிடத் திறமை கூடியிருந்தால் போதாது. ரேக்கைத் தாண்டும் அளவுக்குக் கூடியிருக்க வேண்டும்.

அடுத்தது கையிருப்பில் எத்தனை பங்கைப் பணயம் வைப்பது என்ற கேள்வி. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜே. எல். கெல்லி 1956இல் இதற்கு ஒரு விடை தந்தார். வைத்த தொகைக்குச் சம தொகை கிடைக்கும் பந்தயத்தில், வெல்லும் வாய்ப்பை இரட்டித்து ஒன்றைக் கழித்தால் வருவதே வைக்க வேண்டிய பங்கு. 55 சதவீத வாய்ப்புள்ளவர் கையிருப்பில் பத்தில் ஒரு பங்கு வைக்கலாம். 50 சதவீதம் என்றால் விடை பூச்சியம். அதற்கும் கீழே போனால் விடை எதிர்மறை, ஆடவே கூடாது என்று பொருள். எங்கள் தஞ்சைப் பகுதியில் வீட்டில் அரிசி தீர்ந்தாலும் விதைநெல்லில் கை வைக்க மாட்டார்கள். அது போனால் அடுத்த போகம் இல்லை. கெல்லியின் கணக்கும் அதைத்தான் சொல்கிறது: கையிருப்பு ஒருமுறை பூச்சியமானால், பிறகு எவ்வளவு நல்ல வாய்ப்பு வந்தாலும் பயனில்லை.

விட்டதைப் பிடிக்கத் தொகையை இரட்டிப்பது இதற்கு நேர் எதிரான வழி. சுவாமிமலையிலும் கும்பகோணத்திலும் நான் பாடம் சொன்ன பிள்ளைகளில் சிலர் வேலைக்குப் போனபின் இப்படிச் செய்து கடனாளியானதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். கணக்கில் முதல் மதிப்பெண் வாங்கியவர்களும் அதில் உண்டு. 100 ரூபாயில் தொடங்கி ஒவ்வொரு தோல்விக்கும் இரட்டித்தால், எட்டுத் தோல்விகளுக்குப் பின் போனது 25,500. ஒன்பதாவது பந்தயத்துக்கு 25,600 வேண்டும். அது வென்றாலும் மொத்த லாபம் 100 ரூபாய்தான். சமவாய்ப்பு ஆட்டத்தில் தொடர்ச்சியாக எட்டு முறை தோற்பதற்கு 256இல் ஒரு வாய்ப்பு. மணிக்கு அறுபது ஆட்டம் ஆடுபவருக்கு 256 என்பது பெரிய எண் இல்லை. செயலியில் ‘பாதி’, ‘முழுத்தொகை’, ‘அனைத்தும்’ என்று பொத்தான்கள் தயாராக இருக்கும். ரூபாய் நோட்டை எண்ணி எடுத்து வைக்கும்போது வரும் தயக்கத்துக்கு அங்கே இடமில்லை.

தமிழ்நாட்டுச் சட்டமும் வழக்குகளும்

2020 நவம்பரில் அவசரச் சட்டமாகவும் 2021இல் சட்டமாகவும் தமிழ்நாடு அரசு பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்தது. திறமை ஆட்டங்களையும் சேர்த்துத் தடுத்தது வரம்பு மீறியது என்று 2021 ஆகஸ்ட் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை நீக்கியது. பின்னர் ஓய்வு பெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழுவின் அறிக்கையைப் பெற்று, 2022இல் புதிய சட்டமுன்வடிவு நிறைவேற்றப்பட்டது. ஆளுநர் திருப்பி அனுப்பியதால் 2023 மார்ச்சில் மீண்டும் நிறைவேறி, ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. அதன் அட்டவணையில் ரம்மியும் போக்கரும் அதிர்ஷ்ட ஆட்டங்களாக இடம்பெற்றன. 2023 நவம்பர் 9 அன்று உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்று, அந்த அட்டவணையை மட்டும் நீக்கியது. நேரம், வயது போன்றவற்றை ஒழுங்குபடுத்த அரசுக்கு அதிகாரம் உண்டு என்றும் கூறியது. நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை ஆடக்கூடாது என்ற விதியை அதே நீதிமன்றம் 2025 ஜூனில் உறுதி செய்தது. குஜராத் உயர் நீதிமன்றம் 2017இல் போக்கரை அதிர்ஷ்ட ஆட்டம் என்று எதிர்த்திசையில் தீர்ப்பளித்திருந்ததும் குறிப்பிடத்தக்கது.

நிறுவனங்கள் திறமை என்றன; அரசு குடும்பங்களின் அழிவையும் தற்கொலைகளையும் காட்டியது. மேலே கண்ட கணக்கின்படி இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். தொகையைத் தேர்ந்தெடுப்பதில் திறமை உண்டு. பெரும்பாலோர் நட்டப்படுவதும் உறுதி. 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற இணைய விளையாட்டு ஊக்குவிப்பு, ஒழுங்குமுறைச் சட்டம் இந்த விவாதத்துக்குள் நுழையவில்லை. திறமையோ அதிர்ஷ்டமோ இரண்டும் கலந்ததோ, பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டை நடத்துவது குற்றம். மூன்றாண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு.

பயிற்சி

வகுப்பறையில் பணத்துக்குப் பதில் புளியங்கொட்டைகளை வைத்து இக்கணக்குகளைச் செய்து பார்க்கலாம். நடுவில் 60 கொட்டைகள் உள்ளன. ஒருவர் 90 வைக்கிறார். தொடர்பவருக்குத் தேவையான வெற்றி வாய்ப்பு எவ்வளவு? (விடை: 90 ÷ 240, அதாவது 37.5 சதவீதம்.) வைத்தவரிடம் ஒன்றுமில்லை என்றால், எதிராளி எத்தனை சதவீத முறை விலக வேண்டும்? (விடை: 60.) ஒவ்வொரு ஆட்டத்திலும் நடுத்தொகையிலிருந்து இருபதில் ஒரு பங்கு கொட்டைகளை ஆசிரியர் எடுத்து ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டே வரட்டும், வகுப்பு முடியும்போது யாரிடம் அதிகக் கொட்டை சேர்ந்திருக்கிறது என்று மாணவர்களை எண்ணச் சொல்லலாம்.