பீமன் வாசல்
ஹம்பி, கர்நாடகம். விஜயநகரக் காலம்

விஜயநகரத் தலைநகரின் மதில் வாயில்களுள் ஒன்று. 1565இல் நகரம் வீழ்ந்தபின் காவலற்றுப் போனது. இன்று பெரும்பாலான பயணிகள் இவ்வழி வருவதில்லை.

உள்ளே வழி நேராகச் செல்லாமல் மடங்கித் திரும்புவதைக் கவனியுங்கள். பாய்ந்து வரும் குதிரைப்படையும் முட்ட வரும் யானையும் வேகம் இழப்பதற்கான ஏற்பாடு இது. மேலே உள்ள கனத்த கல் உத்திரங்களைப் போதிகைகள் தாங்குகின்றன.

வாசலுக்குப் பெயர் தந்தவன் பலகைக் கல்லில் நிற்கிறான். பீமனின் ஒரு கையில் கதாயுதம். மறு கையில் திரௌபதி விரும்பிக் கேட்ட சௌகந்திக மலர். காவல் வாசலில் பூ ஏந்திய வீரன்! அவன் கீசகனைக் கொல்வதும், திரௌபதி கூந்தல் முடிப்பதும் மற்ற சிற்பங்களில் உள்ளன.

அருகிலுள்ள கானகித்திச் சமணக் கோயில், இரண்டாம் ஹரிஹரரின் தளபதி இருகப்பர் 1385இல் கட்டியது. காஞ்சிபுரத்தை அடுத்த திருப்பருத்திக்குன்றத்துச் சங்கீத மண்டபமும் அவர் எழுப்பியதே.

சிற்பங்களைத் தொடாமல் பார்க்கவும்.