எடை மெஷின் சொல்லாத கொழுப்பு!

"எனக்கா ஃபேட்டி லிவர்? நான் ஒல்லியாத்தானே இருக்கேன் டாக்டர்!" ஸ்கேன் ரிப்போர்ட்டும் கையுமாக இப்படிக் கேட்பவரா நீங்கள்? எடை மெஷினுக்குக் கொழுப்பு எது, தசை எது என்று தெரியாதே!

புனே டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் ஜான் யுட்கினும் 2004-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் தங்கள் படத்தையே போட்டுக் காட்டினார்கள். உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கான பி.எம்.ஐ. இருவருக்கும் 22.3. ஆனால் டெக்ஸா ஸ்கேனில் பார்த்தால், லண்டன்காரர் உடம்பில் கொழுப்பு 9.1 சதவிகிதம். நம்மவருக்கு 21.2!

அந்தக் கொழுப்பு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் விஷயமே. இடுப்பில் கிள்ளினால் கைக்கு வருகிறதே, அது தோலுக்கு அடியில் இருப்பது. குடலைச் சுற்றி அப்பியிருப்பது கைக்குச் சிக்காது. தொப்புள் மட்டத்தில் ஒரு சி.டி. படம் எடுத்தால் இரண்டும் தனித்தனியாகத் தெரியும். அதற்காக எல்லோரும் சி.டி.க்கு ஓட வேண்டாம், கதிர்வீச்சு இருக்கிறது.

சாதாரண அல்ட்ராசவுண்டில் கல்லீரலையும் பக்கத்தில் உள்ள வலது சிறுநீரகத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஆரோக்கியமாக இருந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே சாயல். கொழுப்பு சேர்ந்த கல்லீரலோ வெள்ளையாகப் பளிச்சிடும். கிரேடு ஒன், டூ என்பதெல்லாம் அந்த வெண்மைக்குக் கண்ணால் பார்த்துப் போடுகிற மார்க்தான். கல்லீரலில் 5 சதவிகிதம் கொழுப்பு சேர்ந்தாலே அது ஃபேட்டி லிவர். ஆனால் 20 சதவிகிதத்துக்குக் கீழே இருந்தால் அல்ட்ராசவுண்டு பல நேரம் கோட்டை விட்டுவிடும். எம்.ஆர்.ஐ. துல்லியமாக அளக்கும், செலவுதான் இடிக்கும்!

"கிரேடு ஒன்தானே, எல்லாருக்கும் இருக்கறதுதான்" என்று ரிப்போர்ட்டை பீரோவில் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். கிரேடு கொழுப்பைத்தான் சொல்லும். கல்லீரலில் தழும்பு விழ ஆரம்பித்திருக்கிறதா என்று சொல்லாது. உயிருக்கு உலை வைப்பது அந்தத் தழும்புதான். உங்கள் வயது, பிளேட்லெட், எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. நான்கையும் வைத்து டாக்டர் ஒரு கணக்குப் போடுவார். சந்தேகம் வந்தால் ஃபைப்ரோஸ்கேன். கல்லீரல் எவ்வளவு விறைத்திருக்கிறது என்று ஊசி, கத்தி இல்லாமல் சில நிமிடங்களில் சொல்லிவிடும். சர்க்கரை உள்ளவர்கள், ரிப்போர்ட்டில் கிரேடு என்னவாக இருந்தாலும், இதைப் பற்றி டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள்.

இன்றைக்கே செய்யக்கூடியது? தையல் டேப்பை எடுங்கள். ஆண்களுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. தாண்டினால் உஷார்! குண்டானவர்கள் எடையில் 5 சதவிகிதம் குறைத்தாலே கல்லீரல் கொழுப்பு கரையத் தொடங்கும். எண்பது கிலோக்காரருக்கு அது வெறும் நாலு கிலோ.