சீட்டை ஏத்தினா போதாது

மகனுக்கு 16 வயசு, உயரம் 190 செ.மீ. தள்ளுபடியில் கிடைச்சதேன்னு 56 அளவு ரோட் பைக் வாங்கிக் கொடுத்தேன். சீட்டை ஏத்திக்கலாம்னு நினைப்பு. ஒரே மாசத்தில் முதுகுவலி, கழுத்துவலி. "சாக்கு சொல்லாதே"ன்னு திட்டினேன். தப்பு என்னோடது. சீட் ஏற ஏற, ஹேண்டில்பார் அதைவிடத் தாழ்ந்துபோகும். பிள்ளை மடங்கித்தான் ஓட்டணும்.

உயரத்தை மட்டும் பார்க்காதீங்க, காலையும் அளங்க. வெறுங்காலோட சுவர் ஓரமா நிற்கவைத்து, கெட்டி அட்டைப் புத்தகத்தைத் தொடையிடுக்கு வரை ஏத்தி, அதன் மேல்விளிம்பு வரை தரையிலிருந்து அளக்கணும். அதை 0.67ஆல் பெருக்குவது பழைய கணக்கு: 90 செ.மீ. வந்தால் ஃபிரேம் 60. மேல்குழாய் சரிந்த இன்றைய ஃபிரேம்களுக்கு இது தோராயம்தான். கம்பெனி அட்டவணையில் முன்பக்க உயரமான ஸ்டேக், முன்நீளமான ரீச் ரெண்டையும் ஒப்பிட்டு, ஓட்டிப் பார்த்து வாங்குங்க.

இப்போ 60 ஓட்டுறான். மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லப்பா"ன்னுட்டு பறந்துட்டான்.