ஊர்ப் பார்சல் பழுதின்றி வந்து சேர

தாயகத்தை விட்டுத் தொலைதூர நகரங்களில் குடியேறி வாழும் நம்மவர் இல்லங்களில், ஊரிலிருந்து வரும் பார்சலுக்கு உள்ள மதிப்பு அதிலுள்ள பண்டத்தின் விலையால் அளக்கத் தக்கதன்று. சித்திரை வெயிலில் காக்கைக்குக் காவலிருந்து உலர்த்திய வடாமும், முதிய கைகள் நோக இட்ட அப்பளமும் அதில் இருக்கின்றன. அவை நொறுங்கிப் போனால், கடையில் வேறு வாங்கி ஈடுசெய்ய இயலாது. ஆகவே, பண்டம் செய்வதில் காட்டும் அக்கறையில் ஒரு பங்கைக் கட்டுவதிலும் காட்டுதல் வேண்டும்.

பார்சல்கள் ஏறி இறங்குவதை நாள்தோறும் காண்பது என் அலுவல். சென்னையிலிருந்து டில்லிக்கு ரயில் வழி ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர். இடையில் ஒரு பெட்டி பல கை மாறுகிறது. மூட்டைகளுக்கு அடியில் கிடக்கிறது. சில வேளை இடுப்பளவு உயரத்திலிருந்து விழவும் செய்கிறது. 'உடையும் பொருள்' என்று மேலே எழுதிவிட்டால் போதும் என்று நம்புதல் தகாது. எழுதுவது நன்றே, ஆயினும் காப்பது உள்ளே உள்ள கட்டுத்தான்.

பெரும்பாலான சேதத்திற்குக் காரணம் பெட்டியினுள் விடப்படும் வெற்றிடமே. இடமிருந்தால் பொருள் உருளும். உருண்டால் ஒன்றையொன்று மோதும். பழைய வேட்டித் துணி, கசக்கிய செய்தித்தாள் முதலியவற்றால் நான்கு புறமும் அடியும் மேலும் நிரப்புக. மூடிய பெட்டியைக் காதருகே வைத்துக் குலுக்கினால் ஓசை எழலாகாது. கனமான பொருள் அடியில், நடுவில் இருக்கட்டும்.

அப்பளத்தை வட்டத் தகர டப்பாவில் இறுக அடுக்கி, மேலே எஞ்சும் இடத்தைத் துணியால் அடைக்கலாம். முறுக்கு, தட்டை போன்றவற்றின் இடைவெளிகளை அரிசிப் பொரியால் நிரப்புவது நல்ல உபாயம். பொரி மெத்தையாகவும் இருக்கும், பின்னர் உண்ணவும் உதவும். சோப்பு, ஊதுவத்தி, கற்பூரம் ஆகியவற்றைத் தின்பண்டத்தோடு வைத்தால் வாசனை ஏறிவிடும்.

ஊறுகாய்தான் பெரும் சோதனை. ஒரு புட்டி கசிந்தால் உடன்வந்த புடவையும் புத்தகமும் பாழாகும். நன்கு ஊறிய ஊறுகாயை எண்ணெய் வடித்துவிட்டு அனுப்பச் சொல்லுங்கள். வந்து சேர்ந்ததும் நல்லெண்ணெயைக் காய்ச்சி ஆறவைத்து ஊற்றிக்கொள்ளலாம். கண்ணாடிப் புட்டியைத் தவிர்த்து, திருகுமூடி உள்ள பிளாஸ்டிக் டப்பாவில் விரலளவு இடம் விட்டு நிரப்பி, மூடிக்கடியில் பிளாஸ்டிக் தாள் வைத்துத் திருகி, முழுவதையும் இரண்டு உறைகளில் இட்டுக் கட்டுவது உத்தமம்.

பட்டாசு, தீப்பெட்டி, மண்ணெண்ணெய் போன்ற தீப்பற்றும் பொருள்களை ஒருபோதும் வைக்கலாகாது. பண்டத்திற்கிடையே ரூபாய் நோட்டுகளை மறைத்து அனுப்பும் பழக்கத்தையும் விடுதல் வேண்டும்.

இனி விலாசம். ஊரிலுள்ள பெரியோர் பலர் தமிழில் மட்டுமே எழுதுவர். கொல்கத்தாவிலோ டில்லியிலோ பார்சலைப் பட்டுவாடா செய்பவருக்குத் தமிழ் தெரியாமலிருக்கலாம். நம் விலாசத்தை ஆங்கிலத்திலும், பேட்டையின் பெயரும் தொலைபேசி எண்ணும் விடாமல், தெளிவாக எழுதி ஒரு டஜன் சீட்டுகளை இன்றே ஊருக்கு அனுப்பி வைப்பது நலம். 1972 ஆகஸ்ட் 15 முதல் வழங்கிவரும் 6 இலக்கப் பின்கோடு அதில் கட்டாயம் இருக்கட்டும். முதல் இலக்கமே பார்சல் செல்லும் திசையைக் காட்டுகிறது: தமிழகத்துக்கு 6, டில்லிக்கு 1, மும்பைக்கு 4, கொல்கத்தாவுக்கு 7. அழியாத மையால் எழுதி, மழைக்கு நனையாதபடி மேலே ஒட்டுநாடா போடுக. அதே போன்ற சீட்டொன்றைப் பெட்டியினுள்ளும், அனுப்புநர் விலாசத்தோடு வைத்தல் இன்றியமையாதது. மேலுறை கிழிந்து போனாலும், பிரித்துப் பார்ப்பவர் உரியவரைக் கண்டறிய அதுவே வழி.

பார்சல் கைக்கு வந்ததும் "கிடைத்தது" என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாமல், எது முழுதாய் வந்தது, எது உடைந்தது என்பதையும் ஊருக்குத் தெரிவியுங்கள். வருந்துவார்களே என்று மறைத்தால், அடுத்த ஆண்டும் அதே கட்டு, அதே சேதம். உண்மையைச் சொன்னால் அவர்கள் உழைப்பு இனியாவது வீணாகாது.