யானை எங்கே நிற்கும்?

நம் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தரவேண்டும் என்று ஆசிரியர் தொலைபேசியில் கேட்டபோது, "எனக்கு மரத்தைப் பற்றித்தான் சார் தெரியும், இலக்கியமெல்லாம் வராது" என்று நழுவப் பார்த்தேன். "மரத்தைப் பற்றியே எழுதுங்கள்" என்று சொல்லி வைத்துவிட்டார். ஆகவே வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். என் மகள் வயிற்றுப் பேரனுக்கு ஏழாவது பிறந்த நாளுக்கென்று என் கையாலேயே ஒரு செஸ் செட் செய்தேன். முப்பத்திரண்டு காய்கள். கிட்டத்தட்ட நாலு மாதம் ஆயிற்று. அதில் பாதி நாள் மரத்தோடு போராடியது. மீதி நாள் ஒரு யானையோடு.

என் மகள் கட்டிக்கொண்டது வங்காளிப் பையனை. குடும்பம் பெஹாலாவில். சம்பந்தி ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், தங்கமான மனிதர். வங்காளியில் சம்பந்தியை 'பேயாய்' என்று அழைப்பார்கள். அவர் முதன்முதலாக வீட்டுக்கு வந்து என்னை "பேயாய் மொஷாய்" என்று வாய் நிறையக் கூப்பிட்டபோது, என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னங்க, உங்களைப் போய்ப் பேய்ங்கறாரே" என்று கேட்டது இன்றைக்கும் எங்கள் வீட்டில் ஓடும் வேடிக்கை.

பேரனுக்குத் தமிழ் புரியும். பேசமாட்டான். நான் தமிழில் கேட்டால் வங்காளியில் பதில் வரும். வெளியூரில் பிள்ளை வளர்த்த நம்மவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. 2024 டிசம்பரில் நம் சென்னைப் பையன் குகேஷ் உலகச் சாம்பியன் ஆனபோது, டி.வி.யில் பார்த்துவிட்டு "தாத்தா, எனக்கும் செஸ்" என்றான். அப்போது எனக்கு ஒரு நப்பாசை பிறந்தது. ராஜா, ராணி, யானை, குதிரை, மந்திரி, சிப்பாய். ஆறு தமிழ் வார்த்தையாவது அவன் வாயில் தினமும் புழங்குமே! ஞாயிறுதோறும் அவன் ஹவுராவுக்கு வரும்போது சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தேன்.

சம்பந்தியும் அங்கே பெஹாலாவில் தினமும் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியாது.

வங்காளிகள் மூலையில் நிற்கும் காயை 'நௌகா' என்கிறார்கள், அதாவது படகு. குறுக்கே ஓடுகிறதே, நாம் மந்திரி என்போமே, அதுதான் அவர்களுக்கு யானை. 'கொஜ்' என்பார்கள், நம் கஜமேதான். அந்த மந்திரியாவது சும்மா இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. நம் ராணிக்கு அவர்கள் வைத்த பெயர் 'மொந்த்ரி'. ஒரு ஞாயிறு நான் "மந்திரியை எடுடா" என்றேன். பையன் ராணியை எடுத்து என் சிப்பாய் வாயில் கொண்டுபோய் வைத்தான். வெட்டினேன். அழுதுவிட்டான்.

அந்த வாரம்தான், கடையில் விற்கும் பிளாஸ்டிக் காய்களால்தான் இந்தக் குழப்பம், யானையை யானையாகவே செதுக்கிவிட்டால் தீர்ந்தது என்று முடிவு செய்தேன். எனக்குக் கையில் தொழிலும் இருந்தது.

நான் பேட்டர்ன் மேக்கர். கோயம்புத்தூரில் பழகி, 1974-ல் ஹவுராவுக்கு வந்தவன். வார்ப்படப் பட்டறையில் இரும்பை உருக்கி ஊற்றுமுன் மணலில் ஒரு பள்ளம் பதிக்கவேண்டும். அந்தப் பள்ளத்துக்கு முதலில் மரத்தில் ஓர் உருவம் வேண்டும். அந்த மர உருவம்தான் பேட்டர்ன். கிழக்கின் ஷெஃபீல்டு என்று ஒரு காலத்தில் பெயர் வாங்கிய ஊர் இது. நியூயார்க் தெருக்களில் சாக்கடை மூடிமேல் 'இந்தியாவில் செய்தது' என்று எழுதியிருப்பதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பல எங்கள் ஹவுராவில் வார்த்தவை. அந்த மாதிரி மூடிகளுக்கு நானும் மரத்தில் அச்சு செய்திருக்கிறேன். வாழ்நாள் முழுக்க நான் செய்த எதையும் யாரும் பார்த்ததில்லை. மணலில் பதிந்ததும் பேட்டர்ன் வேலை முடிந்தது, மூலையில் கிடக்கும்.

செப்டம்பர் 17, விசுவகர்மா பூஜை. நமக்கு ஆயுத பூஜை எப்படியோ, ஹவுராப் பட்டறைக்காரர்களுக்கு அது. அன்று எந்த லேத்தும் ஓடாது. வானம் முழுக்கக் காற்றாடி. பெலிலியஸ் ரோடுப் பக்கம் என் பழைய கூட்டாளியின் மகன் கடைசல் பட்டறை வைத்திருக்கிறான்; கட்டில் கால், மேஜைக் கால், வார்ப்படத்துக்கு மர அச்சு எல்லாம் கடைந்து கொடுப்பான். பூஜைப் பிரசாதம் வாங்கிக்கொண்டே, "காக்கா பாபு, ஞாயிறும் சாயங்காலமும் லேத் உங்களுடையது" என்றான். இப்படி ஒரு வாக்கு கிடைத்த பிறகு சும்மா இருக்க முடியுமா?

லேத்தில் யானை வராது என்பதால் வீட்டிலேயே உளி வைத்துச் செதுக்கினேன். இரண்டு யானை முடிக்க மூன்று வாரம். தும்பிக்கையைத் தூக்கி நிற்கிற மாதிரி, நெற்றிப் பட்டம் வைத்து. நானே சொல்லக்கூடாது, நன்றாகவே வந்தது.

அடுத்த ஞாயிறு பையன் வந்தான். யானைகளைப் பார்த்ததும் கண் விரிந்தது. உடனே பலகையில் வைத்தான். எங்கே? ராஜாவுக்கும் ராணிக்கும் பக்கத்தில், மந்திரி இடத்தில். நான் எடுத்து மூலையில் வைத்தேன். அவன் திரும்பவும் எடுத்துப் பழைய இடத்தில் வைத்தான். நான் மறுபடியும். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, அபூர்வமாகத் தமிழிலேயே கேட்டான்: "தாத்தா, தாது தப்பா சொன்னாரா?"

தாது என்றால் அந்தத் தாத்தா. ஆமாம் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. மகள் உள்ளே காப்பி கலந்துகொண்டிருந்தாள்; டம்ளர் சத்தம் நின்றதைக் கவனித்தேன்.

யார் சொல்வது சரி? இதைத் தேடிக்கொண்டு போனதில் எனக்குத் தெரியவந்தது சுவாரசியமானது. ஆதியில் சதுரங்கம் என்றால் நால்வகைப் படை: யானை, குதிரை, தேர், காலாள். பாரசீகத்துக்குப் போனபோது யானை குறுக்கே தாவும் காயாகவும், தேர் மூலைக்காயாகவும் நின்றன. அந்தக் கணக்கில் சம்பந்தி கட்சி ஜெயித்தது. ரஷ்யர்களும் வங்காளிகள் மாதிரியே குறுக்கே போவதை யானை என்றும், மூலையில் இருப்பதைப் படகு என்றும் சொல்கிறார்கள். இந்தி பேசுகிறவர்கள் நம் கட்சி; மூலையில்தான் அவர்களுக்கு ஹாத்தி, குறுக்கே போவது ஒட்டகம்.

கல்கத்தா ஏஷியாடிக் சொசைட்டியை 1784-ல் நிறுவிய வில்லியம் ஜோன்ஸ், 1790-ல் வெளியான கட்டுரையிலேயே வங்காளத்தில் தேருக்குப் பதில் படகு வந்துவிட்டதே என்று வியந்திருக்கிறார். ஆறும் கால்வாயுமாகக் கிடக்கிற நாட்டில் தேரை எங்கே ஓட்டுவது என்பது என் ஊகம். ஆனால் வேடிக்கை இனிமேல்தான். பதினாறாம் நூற்றாண்டில் நவத்வீபத்தில் இருந்த ரகுநந்தனர் என்ற பண்டிதர் 'திதி தத்துவம்' என்ற நூலில், பகடை உருட்டி நாலு பேர் ஆடும் சதுரங்கத்தை விவரிக்கிறார். அதில் யானை நம் யானை மாதிரியே நேர்க்கோட்டில் ஓடும். படகுதான் குறுக்கே இரண்டு கட்டம் தாவும்! வங்காளத்துப் பண்டிதரே என் பக்கம். இதைச் சம்பந்தியிடம் போட்டு உடைக்கவேண்டும் என்று கை அரித்தது. அப்புறம் பையன் கேட்ட கேள்வி ஞாபகம் வந்தது. விட்டுவிட்டேன்.

இரண்டு யானையையும் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தேன். ஸ்டான்டன் மாதிரியிலேயே செய்வது என்று தீர்மானித்தேன். போட்டிகளில் பார்க்கிறோமே, அந்த வடிவம்தான். லண்டனில் நத்தானியேல் குக் என்பவர் பெயரில் 1849-ல் பதிவாகி, ஜாக்வெஸ் கம்பெனி விற்ற வடிவம். வெள்ளைக்காரன் அதில் கோட்டையும் பாதிரியார் தொப்பியும் வைத்தான். ஆனால் லேத்தில் கடைந்த அந்த உருண்டைக் காய்களைப் பாருங்கள், அவற்றில் யானையும் இல்லை, படகும் இல்லை. அவரவர் வீட்டில் என்ன பெயரோ அதற்குத் திரும்பிப் பார்க்கும். ராஜா தலையில் சிலுவைக்குப் பதில் மட்டும் ஒரு தாமரை மொட்டு வைத்தேன்.

மரம் நிம்தலா மரக்கடைகளில் எடுத்தது. வெள்ளைக்கு மஞ்சள் கடம்பு. கடைசலுக்கு வெண்ணெய் மாதிரி. கறுப்புக்குச் சீசம், நம் ஊர் ஈட்டிக்கு அது ஒன்றுவிட்ட தம்பி. சர்வதேச சங்கத்தின் அளவு இருக்கிறது: ராஜா 9.5 சென்டிமீட்டர், ராணி 8.5, மந்திரி 7, குதிரை 6, யானை 5.5, சிப்பாய் 5. கட்டம் 5-லிருந்து 6-க்குள்.

முதல் ராஜாவைக் கடைந்து முடித்து அளந்தால் 9.6! இரண்டாவதும் 9.6. கண் கெட்டுவிட்டதோ என்று பயந்துவிட்டேன். பிறகுதான் புரிந்தது. வார்த்த இரும்பு ஆறும்போது அடிக்கு எட்டில் ஓர் அங்குலம் சுருங்கும். அதற்காகப் பேட்டர்ன்காரர்கள் அந்த அளவு கூட்டியே கோடு போட்ட ஸ்கேல் வைத்திருப்போம். பழக்க தோஷம், பையிலிருந்து அதைத்தான் எடுத்திருக்கிறேன். பட்டறைப் பையன் விழுந்து விழுந்து சிரித்தான். "காக்கா பாபு, ராஜாவை உருக்கி ஊற்றப் போகிறீர்களா?"

சிப்பாய்கள்தான் உயிரை வாங்கின. பதினாறும் ஒரே அச்சாக இருக்கவேண்டும். தகரத்தில் பாதி உருவத்தை வெட்டி வைத்துக்கொண்டு, சுற்றும் காயோடு அதை ஒட்டிப் பார்த்துப் பார்த்து உளி பிடிக்கவேண்டும். பதினாறுக்கு இருபத்திரண்டு கடைந்தேன். சரியாகக் காயாத ஒரு கட்டையில் செய்த ராணி, பத்தாம் நாள் உச்சி முதல் அடிவரை வெடித்தது. மந்திரித் தலையில் சாய்வாக ஒரு வாள்வெட்டு, யானைத் தலையைக் குடைந்து அரத்தால் ஆறு பள்ளம்; இவை சுலபம்.

குதிரை லேத்துக்கு அடங்காது. அமிர்தசரஸில் ஏற்றுமதிக்குச் செய்கிறவர்களிடமும் குதிரை செதுக்குவதற்கென்றே தனி ஆட்கள் உண்டு. ஒரு செட்டின் விலையே குதிரையின் முகத்தில்தான் இருக்கிறது. லண்டன் குதிரை கிரேக்கச் சிற்பத்தைப் பார்த்துச் செய்தது என்பார்கள். எனக்கு ஊர் எல்லையில் அய்யனார் கோயில் மண்குதிரைதான் தெரியும். அதை மனதில் வைத்துச் செதுக்கினேன். மூன்றாவது குதிரைக்குக் காது முறிந்தது. அந்த நேரம் பார்த்து மகள் வீட்டு அலமாரியில் நிற்கும் பாங்குரா மண்குதிரை நினைவுக்கு வந்தது. அதற்குக் காதைத் தனியாகச் செய்து சொருகுவார்கள். அதேபோல ஊசி கனத்தில் துளை போட்டுக் காதைச் சொருகினேன். எந்தக் குதிரை என்று இப்போது எனக்கே தெரியாது. நல்லவேளை, குதிரையை இரண்டு வீட்டிலும் குதிரை என்றுதான் சொல்கிறோம்.

காய் கனமாக நிற்க அடியைக் குடைந்து ஈயம் வைப்பது வழக்கம். குழந்தை வாயில் வைப்பான், ஈயம் விஷம். ஹவுராவில் இரும்புத் துண்டுக்கா பஞ்சம்? பட்டறைக் கழிவிலிருந்தே பொறுக்கி வைத்து ஒட்டி, பச்சைத் துணியால் மூடினேன். உப்புத்தாள், பிறகு அரக்குப் பாலிஷ். பலகையை மட்டும் பட்டறைப் பையன் ஒட்டித் தந்தான், கட்டம் 5.5.

ஜனவரியில் பிறந்த நாளன்று பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஹவுராத் துறையிலிருந்து பாபுகாட்டுக்கு லாஞ்சில் போனேன். ஆற்றுக்கு அடியில் 2024 மார்ச்சிலிருந்து மெட்ரோ ஓடுகிறது, மகள் அதில் வரச் சொன்னாள். எனக்குப் பழகியது லாஞ்சுதான்.

பாயசம் சாப்பிட்டதும் சம்பந்தி சட்டைக் கையை மடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். ஆனந்த் 1988-ல் முதல் கிராண்ட் மாஸ்டர் ஆனதை நான் சொல்ல, 1991-ல் இரண்டாவதாக வந்த திப்யேந்து பருவா எங்கள் ஊர் என்று அவர் சொல்ல, ஆட்டம் தொடங்கியது. நடுவில் பேரன். அவர் "நௌகா" என்றால் என் பக்கம் திரும்பி, "தாத்தா, யானையை எடுக்கறார்" என்பான். நான் "யானை" என்றால் அவர் பக்கம் திரும்பி வங்காளியில் "நௌகா" என்பான். யாரும் கேட்காமலே இந்த வேலையை அவன் எடுத்துக்கொண்டான். மகள் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சம்பந்தி முப்பத்தெட்டாவது நகர்த்தலில் என்னை மடக்கினார்.

பெட்டிக்குள் இருந்த அந்த இரண்டு யானைகளைப் பற்றி மகள் எப்போதோ அவரிடம் சொல்லியிருக்கிறாள். கிளம்பும்போது, அடுத்த முறை அவற்றைக் கொண்டுவாருங்கள், பார்க்கவேண்டும் என்றார்.

அடுத்த ஞாயிறு போகத்தான் வேண்டும். கறுப்பு மந்திரியின் அடியில் இரும்பு கழன்று கிலுகிலுவென்று ஆடுகிறதாம். பேரன் தொலைபேசியில் சொன்னான். எந்த மந்திரி என்று கேட்பதற்குள் வைத்துவிட்டான். எதற்கும் இரண்டு அளவிலும் இரும்புத் துண்டும் ஃபெவிக்காலும் எடுத்து வைத்திருக்கிறேன்.