நூற்சூத்திரமும் நடைமுறைச் சுற்றும்

தமிழ் பயிற்றுவிக்கும் நமக்கு மின்னணுவியல் ஆய்வகத்தில் என்ன பணி எனச் சிலர் வினவலாம். வகையீடு, தொகையீடு என்னும் கலைச்சொற்களின் பயன்பாட்டை அறியவே அங்குச் சென்றோம். மாணவர் ஒருவரின் அலைகாட்டித் திரையில், மேல் விளிம்பை ஒட்டி ஒரு நேர்கோடு மட்டுமே நின்றது. அவரோ செய்முறை ஏட்டில் அழகிய முக்கோண அலையை வரைந்துகொண்டிருந்தார். "கண்டதை வரைந்தால் மதிப்பெண் கிடைக்காது ஐயா" என்றார். அவர் கண்டது பிழையன்று, சுற்றின் இயல்பே என்பதை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆப்-ஆம்ப் என வழங்கும் செயல்பாட்டுப் பெருக்கி, கணிதச் செயல்களை மின்னழுத்தத்தால் நிகழ்த்திய ஒப்புமைக் கணிப்பொறிகளில் பயன்பட்டமையால் அப்பெயர் பெற்றது. 1968இல் வெளிவந்த 741 இன்றும் மாணவர் கைகளில் தவழ்கிறது. உள்ளீட்டில் மின்தடையும் பின்னூட்டத்தில் மின்தேக்கியும் அமையின் அது தொகையீட்டுச் சுற்று. சதுர அலையை முக்கோண அலையாக்கும். இரண்டும் இடம் மாறின் அது வகையீட்டுச் சுற்று. முக்கோண அலையைச் சதுர அலையாக்கும். இது நூல் கூறும் இலக்கணம்.

தொகையீட்டுச் சுற்று

சிறு துளி பெருவெள்ளம் என்பதே இச்சுற்றின் இயல்பு. வேண்டிய துளியோடு வேண்டாத துளியையும் இது சேர்த்துவைக்கும். பெருக்கியின் உள்ளீட்டில் பிறவியிலேயே ஒரு சிறு பிறழ்வு மின்னழுத்தம் உண்டு. அது 2 மில்லி வோல்ட் எனக் கொள்வோம். மின்தடை 10 கிலோ ஓம், மின்தேக்கி 0.1 மைக்ரோ ஃபாரட் எனில், உள்ளீடு ஏதுமின்றியே வெளியீடு நொடிக்கு 2 வோல்ட் வீதம் நகரும். 15 வோல்ட் மின்வழங்கலில் வெளியீடு ஏறத்தாழ 14 வோல்ட்டைத் தாண்டாது. ஆகவே ஏழு நொடிகளில் அது எல்லையில் முட்டித் தெவிட்டி நிற்கும். மாணவர் கண்ட நேர்கோடு இதுவே.

மின்தேக்கிக்கு இணையாக 1 மெகா ஓம் மின்தடையை இணைப்பின், பிறழ்வு சுமார் 0.2 வோல்ட்டளவில் அடங்கிவிடும். அதற்கு ஈடாக நாம் இழப்பதும் உண்டு. ஏறத்தாழ 16 ஹெர்ட்சுக்கு மேற்பட்ட அலைகளையே சுற்று செம்மையாகத் தொகையிடும்.

வகையீட்டுச் சுற்று

இஃது இதற்கு நேர்மாறானது. மாற்றம் விரைவாக நிகழுந்தோறும் இதன் பெருக்கம் கூடும். அதே அளவுகளில், 50 ஹெர்ட்சில் 1 வோல்ட் சைகை 0.314 வோல்ட் வெளியீட்டைத் தரும். 5 கிலோ ஹெர்ட்சில் வெறும் 10 மில்லி வோல்ட் இரைச்சலும், சூத்திரப்படி, அதே 0.314 வோல்ட்டைத் தரும்! நூறில் ஒரு பங்கான இரைச்சல் சைகைக்குச் சமமாகிவிடுகிறது. மேலும், சுற்று தானே அலைவுறும் அபாயமும் உண்டு. மின்தேக்கியுடன் தொடராக 470 ஓம் மின்தடையைச் சேர்ப்பின் பெருக்கம் ஏறத்தாழ 21 மடங்கில் நின்றுவிடும். ஆயின் மிகை அதிர்வெண்களில் வகையீடு நிகழாது.

இவ்விரு குறைகளும் நீங்கினும், 741இன் வெளியீடு மைக்ரோ நொடிக்குச் சுமார் 0.5 வோல்ட்டுக்கு மேல் விரைந்து மாற இயலாது. 10 வோல்ட் உயர 20 மைக்ரோ நொடி வேண்டும். எனவே சதுர அலையின் செங்குத்து விளிம்பும் சற்றுச் சாய்ந்தே தோன்றும்.

நிறைவாக

சூத்திரம் பொய்யன்று, குறையற்ற பெருக்கிக்கு அது பொருந்தும். நம் கையிலுள்ளதோ எல்லையுடைய பெருக்கி. எனவே, மாணவச் செல்வங்களே, கண்டதைக் கண்டவாறே வரைக. காரணத்தை அதன்கீழ் எழுதுக. அவ்வாறு எழுதும் ஏட்டிற்கு முழு மதிப்பெண் வழங்குவது ஆசிரியர்களாகிய நம் கடமையாகும்.